த்ரோ-இன்னுக்கு ஆஃப்சைடு கிடையாது

அன்புள்ள தம்பிக்கு,

குன்னூரிலிருந்து கிழக்கு லண்டனுக்குக் குடும்பத்தோடு வந்து மூன்று மாதம்கூட ஆகாத நீங்கள், வாடகையைப் பற்றியோ பள்ளி இடத்தைப் பற்றியோ கேட்காமல் ஒரு கால்பந்து மைதானத்தைப் பற்றிக் கேட்டிருப்பது எனக்கு வியப்பாக இருந்தது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் அணியில் உங்கள் மகன் ஆடிய மூன்றாவது ஆட்டத்தில், உங்கள் பக்கத்தில் நின்றிருந்த ஒரு தந்தை, பதினைந்து வயது இருக்குமோ இருக்காதோ என்று தோன்றிய நடுவர் பையனைத் தொடக்கத்திலிருந்தே திட்டித் தீர்த்தார் என்றும், இடைவேளையில் அந்தப் பையன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது மற்ற பெற்றோர் எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது இந்த ஊர் வழக்கமா, புதிதாக வந்த நாம் வாயைத் திறக்கலாமா, இதையெல்லாம் நேரில் பார்த்த பிறகும் நடுவர் பயிற்சியில் சேரப்போவதாக அடம்பிடிக்கும் பதினான்கு வயது மகளை அனுப்பலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

நீங்கள் அங்கே இருக்க, நான் தீபாவளி விடுப்பில் உங்கள் ஊரில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வழக்கமா என்றால், வழக்கம்தான். அதை உறுதியாகச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு, ஏனென்றால் அப்படிக் கத்தியவர்களில் நானும் ஒருத்தி.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. என் மகனுக்கும் அப்போது உங்கள் மகனின் வயதுதான். எதிரணிப் பையன் ஒருவன் பக்கக்கோட்டிலிருந்து பந்தை நீளமாக எறிய, நம் தடுப்பாட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் பின்னால் தனியாக நின்றிருந்த இன்னொருவன் அதை வாங்கிக் கோலுக்குள் தட்டிவிட்டான். சுற்றிலும் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை என்ற தைரியத்தில், "ஏம்மா, கண்ணு தெரியலையா? அவன் ஆஃப்சைடுல நிக்கிறான்!" என்று நான் அடித்தொண்டையில் கத்தினேன். பந்தையும் தடுப்பாட்டக்காரர்களையும் தாண்டி எதிரணிக் கோலருகே நின்று பந்தைப் பெறுவதைத்தான் ஆஃப்சைடு என்பார்கள். நடுவராக நின்ற பெண்ணுக்குப் பதினாறு வயது இருக்கலாம்; நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. சின்னக் குறிப்பேட்டில் கோலைக் குறித்துக்கொண்டு, நடுவட்டத்துக்குத் திரும்புகிற வழியில் என்னைக் கடக்கும்போது, தலையைக்கூட நிமிர்த்தாமல், "அன்ரி, துறோவுக்கு ஓஃப்சைட் இல்லை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். யாழ்ப்பாணத் தமிழ். நான் அன்று மீதி ஆட்டம் முழுவதும் குடைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குப் போய் விதிப்புத்தகத்தைத் தேடிப் படித்தேன். அவள் சொன்னது சரி: பக்கக்கோட்டிலிருந்து எறியும் த்ரோ-இன், கோலருகிலிருந்து உதைக்கும் கோல் கிக், மூலையிலிருந்து உதைக்கும் கார்னர் கிக் ஆகிய மூன்றிலிருந்தும் பந்தை நேராகப் பெறுபவர் எங்கே நின்றாலும் ஆஃப்சைடு குற்றம் ஆகாது. தொடர்ந்து படிக்கப் படிக்க, கோட்டோரம் நின்று நாங்கள் கத்துவதில் பெரும்பகுதி விதியே தெரியாத கத்தல் என்று புரிந்தது. ஆஃப்சைடைப் பந்து வந்து சேரும் நேரத்தை வைத்துக் கணிப்பதில்லை, சக ஆட்டக்காரர் அதை உதைக்கும் நேரத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டும். நாமோ பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டிவிட்டு, அது போய்ச் சேரும்போதுதான் ஆள் எங்கே நிற்கிறான் என்று பார்க்கிறோம். கையில் பந்து பட்டாலே குற்றம் என்று நினைக்கிறோம். அதுவும் அப்படி இல்லை. தொலைக்காட்சியில் ஐந்தாறு கோணங்களில் மெதுவாக ஓட்டிக் காட்டுவதைப் பார்த்துப் பழகிய நாம், பயிற்சி பெற்ற உதவி நடுவர்கூட இல்லாமல் ஒற்றை ஆளாக ஓடும் ஒரு பிள்ளையிடம் அதே துல்லியத்தை எதிர்பார்க்கிறோம்.

பன்னிரண்டு வயதுப் பிரிவில் இது திடீரென்று முற்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. பதினொரு வயது வரையிலான பிரிவுகளில் ஆட்ட முடிவுகளையும் புள்ளிப் பட்டியலையும் லீக்குகள் வெளியிடுவதில்லை. பன்னிரண்டில்தான் பட்டியல் வருகிறது, அதோடு பெற்றோருக்குச் சாமியும் வந்துவிடுகிறது. மாதச் சந்தா, காலணி, ஞாயிறு காலைத் தூக்கம் எல்லாம் கொடுத்திருக்கிறோமே என்ற கணக்கு ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம் வேறு என்று நான் நினைக்கிறேன்: அந்த நடுவர் அங்கே யாருக்கும் யாரும் இல்லை. வருகிறார், ஊதுகிறார், கூலியை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறிவிடுகிறார். அடுத்த வாரம் வேறொருவர்.

நம் மலையில் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். என் அப்பா வேலை பார்த்த எஸ்டேட்டின் மைதானம் ஒரே சரிவு. மேல் கோல், கீழ் கோல் என்றே அவற்றுக்குப் பெயர். கீழ் கோலைத் தாண்டிய பந்து தேயிலைச் செடிகளுக்கிடையே உருண்டு ஓடைவரை போகும், அது திரும்பி வரும்வரை ஆட்டம் நிற்கும். மூடுபனி இறங்கினால் எதிர்க் கோல்கம்பம் கண்ணுக்குத் தெரியாது. பந்து கோட்டைத் தாண்டியதா என்று நடுவரே கூட்டத்தைப் பார்த்துக் கேட்ட நாளும் உண்டு. விசில் ஊதியவர் எங்கள் டிவிஷன் கண்டக்டர், அதாவது தோட்டத்தில் எங்கள் பகுதியின் வேலையை மேற்பார்த்தவர். அவரை யாரும் வாய்விட்டுத் திட்டியதில்லை, ஏனென்றால் மறுநாள் அவர் முன்னால்தான் இலையை நிறுக்கக் கூடையை இறக்க வேண்டும். அதை நான் மரியாதை என்று மட்டும் சொல்ல மாட்டேன், பாதி பயம். ஒருமுறை இறுதி ஆட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு நடுவரை வரவழைத்தார்கள். அவர் கடைசி நேரத்தில் ஒரு பெனால்டி கொடுத்தார். இதே ஜனங்கள், என் சித்தப்பா உட்பட, அவரைத் துரத்தினார்கள். மனிதர் இருட்டும்வரை தேயிலைத் தொழிற்சாலைக்குள் உட்கார்ந்திருந்து லாரியில் ஏறித்தான் கீழே போனார். ஆகவே வெள்ளைக்காரர்கள் இப்படி, நாம் அப்படி என்று எண்ணிவிடாதீர்கள்.

நேற்று இங்கே ஐப்பசி மழை இரண்டு மணி நேரம் ஓய்ந்தபோது பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம் ஒன்றைப் பார்த்தேன். மங்கி குல்லாயும் ஸ்வெட்டருமாகப் பி.டி. வாத்தியார் ஊதினார். சேற்றில் வழுக்கி விழுந்தவன் ஃபவுல் கேட்டபோது, "எந்திரிடா, உன் அப்பனும் இப்படித்தான் விழுவான்" என்றார். கோட்டோரம் நின்ற அந்த அப்பனே முதலில் சிரித்தார்.

லண்டன் மைதானத்தில் அந்த உறவு கிடையாது என்பதால், அதன் இடத்தில் விதிகளை வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2008இல் 'ரெஸ்பெக்ட்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பெற்றோர் நிற்கும் பக்கத்தில் கட்டியிருக்கும் கயிற்றுத் தடுப்பு அதன் பகுதிதான். நடுவரின் முடிவை எதிர்த்து வாதாடும் ஆட்டக்காரரைச் சில நிமிடம் வெளியே உட்காரவைக்கும் முறை 2019இலிருந்து தொழில்முறை அல்லாத அடித்தள ஆட்டங்களில் பரவலாக நடக்கிறது. 2023இல் மிடில்ஸ்பரோவில் தொடங்கி, பெரியவர்கள் ஆடும் சில லீக்குகளில் நடுவர்களின் மார்பில் கேமரா மாட்டிப் பார்த்தார்கள். அதே ஆண்டில் பிபிசி வானொலி கேட்டபோது பதிலளித்த 927 நடுவர்களில் 293 பேர் தம்மை ஆட்டக்காரரோ பயிற்சியாளரோ பார்வையாளரோ உடலளவில் தாக்கியிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். என் அனுபவத்தில் கேமராவைவிடக் கயிறு நன்றாக வேலை செய்கிறது: இரண்டடி பின்னால் தள்ளி நிறுத்தினாலே பாதிப் பேருக்குக் குரல் இறங்கிவிடும்.

இனி, நீங்கள் வாயைத் திறக்கலாமா என்ற கேள்வி. அந்தத் தந்தையிடம் ஆட்டத்தின் நடுவில் நேராக மோதாதீர்கள். கோட்டோரச் சண்டை நடுவர் பையனின் சுமையைத்தான் கூட்டும். உங்கள் அணியின் பயிற்சியாளரிடம் போய், "அவரைக் கொஞ்சம் அமைதியாக இருக்கச் சொல்லுங்கள்" என்று சொன்னால் போதும். பார்வையாளருக்கு அட்டை காட்ட நடுவருக்கு அதிகாரம் இல்லை என்றாலும், ஆட்டத்தை நிறுத்திவைக்கவும் முழுதாகக் கைவிடவும் அதிகாரம் உண்டு. அவர் அறிக்கை எழுதினால், பெற்றோர் செய்த குற்றத்துக்குக் கிளப்தான் பதில் சொல்லி அபராதம் கட்ட நேரிடும். அதனால் பயிற்சியாளருக்கு உங்கள் பேச்சைக் கேட்பதில் ஆதாயம் இருக்கிறது. அவர் கேட்காவிட்டால், சிறுவர் அணி வைத்திருக்கும் ஒவ்வொரு கிளப்பிலும் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்க வெல்ஃபேர் ஆஃபீசர் ஒருவர் இருப்பார். பதினெட்டு வயது ஆகாத நடுவரும் பிள்ளைதான் என்பது அவருக்குத் தெரியும். இதனால் விசாவுக்கு ஏதாவது ஆகுமோ என்று உங்கள் மனைவி பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். ஒன்றும் ஆகாது என்று அவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். இந்த வயதுப் பிரிவில் கோட்டோரக் கொடியைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் இரு அணிகளின் பெற்றோர்தான். நம்மவர்கள் அந்தக் கொடியைக் கண்டால் பின்வாங்குவார்கள். நீங்கள் கையை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் உங்களிடம் வந்து எதற்கெல்லாம் கொடி தூக்க வேண்டும் என்று சொல்லுவார். அப்போது அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்த பிள்ளையைத் திட்டுவது கடினம். உங்களோடு நிற்பவர்களுக்கும் அந்தப் பெயரைச் சொல்லிவிடுங்கள். கோட்டின் நேரில் நின்று ஒரு பாதி ஆட்டம் கொடி பிடித்தால், எத்தனை நெருக்கத்தில் எத்தனை குழப்பமாக ஆட்டம் நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மறைக்காமல் ஒன்றையும் சொல்ல வேண்டும்: 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில், மகனின் ஆட்டத்துக்குக் கொடி பிடித்த ஒரு தந்தையை எதிரணியினர் தாக்க, மறுநாள் அவர் இறந்துபோனார்; எதிரணிப் பையன்களோடு அவர்களில் ஒருவனின் தந்தையும் தண்டிக்கப்பட்டார். நான் பார்த்த இத்தனை ஆண்டுகளில் ஒரு கை ஓங்கியதில்லை, ஆனாலும் வார்த்தை முற்றுகிறது என்று தோன்றினால் கொடியை நடுவரிடம் கொடுத்துவிட்டு விலகி வந்துவிடுங்கள்.

மகளை அனுப்புங்கள். பயிற்சிக்குக் குறைந்த வயது பதினான்கு; பதினாறு நிரம்பும்வரை தன்னைவிட இளைய பிரிவுகளுக்குத்தான் ஊத விடுவார்கள். என் சின்ன மகளும் அந்த வயதில்தான் தொடங்கினாள். முதல் ஆட்டத்தில் விசிலில் காற்றே வரவில்லை, பயத்தில் உதடு நடுங்கியிருக்கிறது. ஆறாவது ஆட்டத்தில் ஒரு பயிற்சியாளருக்கு மஞ்சள் அட்டை காட்டிவிட்டு வந்து, காரில் ஏறியதும் பசிக்கிறது என்றாள். முதல் சில ஆட்டங்களுக்கு நீங்களோ உங்கள் மனைவியோ கட்டாயம் கூடப் போங்கள், ஆனால் சற்றுத் தள்ளி, எதிர்ப்பக்கத்தில் நில்லுங்கள். யாராவது அவளைத் திட்டினால் உங்களுக்கு வயிறு எரியும், அப்போதும் அவளே கையாளட்டும் என்று விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு கிளப்புக்கு எழுதுங்கள். காரில் வரும்போது அவள் கொடுத்த முடிவுகளைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். நான் எடுத்தேன்; இரண்டு வாரம் அவள் என் காரில் ஏறவில்லை, அப்பாவோடுதான் போனாள்.

அடுத்த வாரம் திரும்பிவிடுவேன். வரும் ஞாயிறு யார் கொடி பிடித்தார்கள், அந்தப் பையன் மறுபடி வந்தானா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா