ராஜினாமா கடிதத்துக்கு முன் கிணற்றை அளந்து பாருங்கள்

தாராபுரம் பக்கம் 4 ஏக்கர், ஒரு கிணறு. சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் 26 வயது மகன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வருகிறேன் என்கிறார். "இதற்குத்தானா இன்ஜினீயரிங் படிக்க வைத்தேன்" என்று கேட்கிறீர்கள். ஐயா, அந்தக் கேள்வியை வைத்துப் பேசினால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். அதை ஒதுக்கிவிட்டு அவரிடம் இதைக் கேளுங்கள்: அந்த 4 ஏக்கரிலிருந்து எந்த மாதம் எவ்வளவு காசு கைக்கு வரும்? இதற்கு அவர் தாளில் கணக்குப் போட்டுக் காட்டட்டும். கணக்கின் முதல் வரி தண்ணீர்.

கார்த்திகையில் எட்டிப் பார்த்தால் எந்தக் கிணறும் நம்பிக்கை கொடுக்கும். சித்திரை, வைகாசியில் அளக்க வேண்டும். கயிற்றில் கல் கட்டி நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கும் வரை மோட்டாரை ஓட்டுங்கள். நிறுத்திவிட்டு மறுநாள் அதே நேரத்தில் எத்தனை அடி ஊறியிருக்கிறது என்று பாருங்கள். நாலைந்து நாள் இதைச் செய்தால் நிஜ அளவு தெரிந்துவிடும். 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓரடி நீர் என்பது ஏறக்குறைய 8,900 லிட்டர்.

இனி தண்ணீர்ச் செலவைப் பாருங்கள். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை. கோடையில் சொட்டுநீரில் மரத்துக்கு 65 லிட்டர் என்றால் 2 ஏக்கருக்கு நாளொன்றுக்கு 9,100 லிட்டர். கிணற்றில் ஓரடி போயிற்று. மாட்டுக்காக அரை ஏக்கர் கம்பு நேப்பியர் புல் போட்டால், கோடையில் அது மட்டும் நாளுக்கு 10,000 லிட்டர் கேட்கும். அதாவது 2 ஏக்கர் தென்னையைவிட அரை ஏக்கர் புல் அதிகம் குடிக்கிறது! ஓரடி மட்டுமே ஊறும் கிணற்றை வைத்துக்கொண்டு ஐந்து மாடு வாங்குகிறவர்கள் பங்குனியில் புல் காய்ந்ததும் லோடு லோடாகத் தீவனம் வாங்கியே பால் காசைத் தொலைக்கிறார்கள். அப்போது பழி மாட்டின் மேல் விழும்.

சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம் உண்டு. 5 ஏக்கருக்குள் என்பதால் நீங்கள் அதில் வருவீர்கள்; தாசில்தாரிடம் சிறு குறு விவசாயி சான்று வாங்க வேண்டும். கிணற்று நீரை ஒரு லிட்டர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். உப்பு அதிகமிருந்தால் சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும், மரம் வாடின பிறகுதான் தெரியும்.

அடுத்தது, காசு வரும் நாள்காட்டி. பால் காசு பத்து, பதினைந்து நாளுக்கொரு முறை வரும். காய்க்கும் தென்னந்தோப்பில் 45 நாளுக்கொரு வெட்டு. ஆனால் இன்று நடும் நெட்டைத் தென்னை காய்க்க 6, 7 வருடம் ஆகும். செடிமுருங்கை விதைத்த ஆறாம் மாதமே காய்க்கும். மூலனூர் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. சிக்கல் விலையில். பனிக்காலத்தில் கிலோ 100 ரூபாயைத் தாண்டும் அதே முருங்கை, எல்லார் தோட்டத்திலும் காய்க்கும் கோடையில் பறிகூலிக்குக் கூடக் கட்டாது. ஆகவே முருங்கையை மாதச் செலவுக்கு நம்பக்கூடாது. வந்தால் கடனடைக்க, உபரிச் செலவுக்கு.

பால் கணக்கை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் இளைஞர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 10 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசு, லிட்டர் 35 ரூபாய் என்றால் தினம் 350. உடம்பு தேற ஒன்றரை கிலோ, கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ என்று அடர்தீவனம் (பிண்ணாக்கு, தவிடு, தானியம் கலந்தது) ஐந்தரை கிலோ. கிலோ 30 ரூபாய் என்றால் 165. பாதி அங்கேயே போயிற்று. கன்று போடுவதற்கு முன் 60 நாள் கறவையை வற்ற விட வேண்டும். அந்த நாளில் வரவு கிடையாது, தீவனம் உண்டு. நாலு மாடு வாங்குவதென்றால் முதலில் இரண்டு, ஐந்தாறு மாதம் கழித்து இரண்டு. ஒரே நாளில் நாலையும் வாங்கினால் நாலும் ஒன்றாக வற்றும்.

இன்னொன்று, மாடு பருவத்துக்கு வருவதைக் கவனிக்கத் தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். காலையில் கத்தினால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. லேப்டாப்பில் மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போது இது தவறிப்போவது சகஜம். பால் கறக்க ஞாயிற்றுக்கிழமை கிடையாது, சொந்தக்காரர் கல்யாணமும் கிடையாது. வீட்டில் இன்னொருவருக்குக் கறக்கத் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் மாட்டுத் திட்டத்தை அடித்துவிடச் சொல்லுங்கள்.

கிளுவை வேலி போட்ட கொரங்காடு, அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலம், இருக்கிறதா? இருந்தால் அதை உழுது எதையும் நட விடாதீர்கள். அதில் வளரும் கொழுக்கட்டைப் புல் ஒருமுறை போனால் திரும்பிவரப் பல வருடம் ஆகும். பாசனமே இல்லாமல் செம்மறி மேய்த்துக் காசாக்கும் நிலம் அது. ஐந்து மாதச் சினைக் காலம், அவசரத்துக்கு ஒரு கிடாயைச் சந்தைக்குக் கொண்டுபோகலாம். புதுசாக வருகிறவர்களுக்கு அது தரிசாகத் தெரிகிறது, அதுதான் பிரச்சினை.

"குஞ்சு நாங்கள் தருகிறோம், வளர்த்தால் நாங்களே வாங்கிக்கொள்கிறோம், மாதம் இவ்வளவு நிச்சயம்" என்று எவர் வந்தாலும் வாசலோடு அனுப்புங்கள். இப்படி நம்பிப் பணம் போட்டவர்கள் ஏமாந்த ஈமு கோழி விவகாரம் 2012இல் பெருந்துறையில் எப்படி முடிந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, லாபம் எங்கே இருக்கிறது? சம்பளச் சீட்டு மாதிரி ஒரே தொகையாக அது தெரியாது. சென்னை வாடகை, பயணம், ஓட்டல் சாப்பாடு இல்லை. பால், முட்டை, தேங்காய், காய்கறி வீட்டிலேயே. அங்கே 60,000 வாங்கி 40,000 செலவழிப்பவருக்கு மிச்சம் 20,000தான். ஊரில் 25,000 சம்பாதித்தாலும் அதே மிச்சத்தை நெருங்க முடியும். கிணறு ஒத்துழைத்தால் இது நடக்கக்கூடிய கணக்கு.

ஆகவே இப்போதே ராஜினாமா வேண்டாம். வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்டு ஒரு கோடையும் ஒரு மழையும் ஊரில் இருக்கட்டும். வேளாண் அறிவியல் நிலையத்திலும், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலும் கறவை மாடு, ஆடு வளர்ப்புப் பயிற்சிகள் நடக்கின்றன. முதல் மாடு வாங்குவதற்கு முன் அவற்றை முடிக்க வேண்டும். 12 மாத வீட்டுச் செலவைத் தனிக் கணக்கில் போட்டுவைத்து, அதை மாட்டுக்கோ கொட்டகைக்கோ தொடக்கூடாது. கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதால், குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பாலிசியை வேலையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். சர்வீஸ் ஐந்து வருடம் நிறையாமல் பி.எஃப். பணத்தை எடுத்தால் வரி பிடிப்பார்கள், அதையும் நம்பித் திட்டம் போட வேண்டாம்.

உங்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. பட்டா உங்கள் பெயரில் இருக்கும்வரை கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் உங்கள் பெயரில்தான் வரும். தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை, தவறினால் கெடுவது உங்கள் பெயர். எந்த 2 ஏக்கர் மகன் பொறுப்பு, எதில் நீங்கள் தலையிட மாட்டீர்கள், எந்தக் கடனை யார் கட்டுவது என்று ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பெண் வீட்டார் "மாப்பிள்ளைக்கு என்ன வருமானம்" என்று கேட்டு வரும்போதும், வரவு செலவு எழுதிய அந்த நோட்டைத்தான் எடுத்து நீட்ட வேண்டியிருக்கும்.