காசுக்கு எழுதிய நான்கு வரிகள்

"பணத்துக்காக மட்டுமே ஆக்கப்படும் படைப்பைக் கலை என்று ஒப்புக்கொள்ள முடியுமா, அப்படி எழுதுகிறவருக்குக் கூச்சம் இருக்காதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் இருக்கும் சூட்டைப் பார்த்தால், நீங்களும் யாருக்கோ கூலிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இலக்கியம் பேசும் நண்பர் ஒருவரிடம் ஏச்சு வாங்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்த ஏச்சை நான் 22 ஆண்டுகள் வாங்கியவன் என்பதால் பதில் எழுத உட்கார்ந்தேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஓர் அச்சகத்தின் முன்மேசைதான் என் பணியிடம். திருமணத்துக்கு வாழ்த்து மடல், ரப்பர் தோட்டத்திலிருந்து மாற்றலாகிப் போகும் கிராணி என்ற எழுத்தருக்குப் பிரியாவிடைப் பா, தீமிதித் திருவிழாத் துண்டறிக்கைக்கு அம்மன்மேல் ஒரு விருத்தம், நாளிதழில் வெளியாகும் நினைவஞ்சலிக்கு நான்கு வரி என்று வந்தவர் கேட்டதையெல்லாம் எழுதினேன். மணமக்களின் பெயரெழுத்துகளை வரிக்கு வரி முதலில் வைத்துப் பாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தால் 60 வெள்ளி, அதாவது ரிங்கிட். நினைவஞ்சலிக்கு 15 வெள்ளி. இது 1997ஆம் ஆண்டு விலை. அந்த மேசையில் காசு வாங்காமல் ஒரு வரியும் எழுதியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம்.

நினைவஞ்சலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரப்பர் பால்மரங்களை வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை நட்ட காலத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி, ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிதறிப் போனார்கள். இன்னார் இறந்து ஓராண்டு ஆகிறது என்பதை அவர்கள் நாளிதழைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டார்கள். ஆகவே இறந்தவர் பெயரோடு தோட்டத்தின் பெயரும், பெரும்பாலும் அவருடைய பட்டப்பெயரும் தடித்த எழுத்தில் இருக்கும்; மிஞ்சிய இடத்தில் நான்கு வரிக் கவிதை. அதை யார் படிக்கப் போகிறார்கள் என்று எண்ணி, அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, இளவயதில் போனவருக்கு ஒன்று என ஏழு வார்ப்புகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். கலங்கரை விளக்கமும் குலவிளக்கும் அணையா விளக்கும் அவற்றில் தாராளமாக எரிந்துகொண்டிருக்கும்.

அந்த 1997ஆம் ஆண்டில், மரப்பட்டையைக் கீறி ரப்பர்ப் பால் எடுக்கும் பால்வெட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் கணவரின் முதலாண்டு நினைவஞ்சலிக்காக வந்தார். வழக்கம்போல் வார்ப்பில் பெயரைப் பொருத்திப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, தம்பி. ஆனா இதுல எங்க வீட்டுக்காரரு எங்க இருக்காரு?" என்றார். நான் பெயரைத் தொட்டுக் காட்டினேன். "பேரு இருக்கு. அவரு எங்க?" என்று மறுபடியும் கேட்டார். பதினைந்து வெள்ளி கொடுத்திருக்கிறேன் என்பதையும் நினைவூட்டினார்.

எரிச்சலோடுதான் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். அவர் அரைமணி நேரம் பேசினார். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருவரும் அடுத்தடுத்த நிரைகளில் மரங்களில் பால் வெட்டுவார்களாம். இருட்டில் மனைவி பயப்படக் கூடாதென்று அவர் மரத்துக்கு மரம் சீழ்க்கை அடித்துக்கொண்டே போவாராம். வீட்டில் மட்டும் ஒருநாளும் அடித்ததில்லையாம். நான் எழுதியது இது:

விடியாத நிரைகளில் உன் சீழ்க்கை கேட்டுக்கொண்டே
மரம் வெட்டினேன்.
சீழ்க்கை நின்று ஓராண்டாகிறது;
காது இன்னும் அந்தப் பக்கமே திரும்புகிறது.

யாப்பு இல்லை, எதுகை இல்லை என்று புலவர்கள் சொல்லட்டும். ஆனால் இதைப் பரிவினால் எழுதினேன் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. கொடுத்த காசுக்கு உரியதை அவர் கேட்டார். கொடுக்காவிட்டால் காசைத் திருப்பிக் கேட்பார் என்று பயந்தேன். அதே காலத்தில் ஞாயிறு பதிப்புகளுக்குக் காசில்லாமல் நிறையக் கவிதைகள் அனுப்பினேன், அவற்றில் ஒன்றைப் பற்றியாவது "இதில் அவர் எங்கே?" என்று கேட்க யாருக்கும் உரிமை இருக்கவில்லை.

மன்னன் அதியமான் தம்மை நேரில் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பியபோது, நான் வாணிகப் பரிசிலன் (பொருளுக்காக மட்டும் பாடும் வணிகன்) அல்லேன் என்று புறநானூற்றுப் பாட்டொன்றில் மறுத்தார் சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார். என்னை ஏசியவர்கள் பலரும் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அவர் பரிசில் பெறுவதற்கென்றே குன்றும் மலையும் கடந்து போனவர். தம் தகுதியறிந்து கொடுத்தால் தினையளவாயினும் இனிது என்றும் அதே பாட்டில் சொல்கிறார். பொருளை அவர் வெறுக்கவில்லை, காணாமல் கொடுத்ததை வெறுத்தார். நான் செய்த பிழையும் அதுவே, எதிர்ப்பக்கத்திலிருந்து: இறந்தவரைக் காணாமல் எழுதினேன். பாரதியை இழுத்துக்கொண்டு வருவோருக்கும் ஒரு சொல்: 1919இல் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி, அதாவது பாட்டாலான கடிதம், எழுதிப் பரிசு கேட்டவர் அவர்.

கூச்சப்பட வேண்டியவர்கள் வேறு இருக்கிறார்கள். ஓர் இலக்கிய அமைப்பு ஆண்டுதோறும் கவியரங்கம் நடத்தும். மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் சாப்பாட்டுக்கும் பதாகைக்கும் காசு உண்டு. பாடுகிறவர் பேருந்துக் கட்டணம் கேட்டால் மட்டும் கலைக்கு விலை பேசலாமா என்பார்கள். என் அலமாரியில் 11 பொன்னாடைகள் இருக்கின்றன. உடுத்தவும் முடியாது, விற்கவும் முடியாது. அவர்களுக்கு நான் பாடிய பாக்களும் அந்தப் பொன்னாடைகளைப் போன்றவைதாம் என்பதை மறைக்கவில்லை.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு எல்லாருக்கும் புதிதாக எழுதினேன் என்று சொன்னால் பொய். அவசரக்காரர்களுக்கு நோட்டுத்தான். உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு மட்டும் எழுதினேன். விலை இரண்டுக்கும் ஒன்றே.

அந்த அம்மாள் மறு ஆண்டும் வந்தார், நறுக்கி வைத்திருந்த பழைய நாளிதழ்த் துண்டோடு. புதிதாக எழுதவா என்றேன். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றார். விளம்பரக் கட்டணத்தை எண்ணி வைத்தார். என் 15 வெள்ளி எங்கே என்று பார்த்தேன். "எழுதுனதையே திரும்பப் போடுறதுக்கு உனக்கு எதுக்குத் தம்பி காசு?" என்றார். கேட்டது சரிதானே என்று ரசீதை எழுதிக் கொடுத்தேன்.