20-ஐ விட்டு ஏறி வாருங்கள்

கேள்வி: எங்கள் நான்கு மாடி அலுவலகத்தில் சில்லர் ஏர்கோன் (நீரைக் குளிரவைத்துக் கட்டடம் முழுவதும் அனுப்பும் வகை). ஆண்டு முழுதும் 20 டிகிரிதான். காலையில் பாதிப் பேர் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். செட் பாயிண்ட்டைத் (நாம் குறித்து வைக்கும் வெப்பநிலையைத்) தானாக மாற்றும் முறை போட்டால் கட்டணம் குறையும் என்கிறார் ஏர்கோன் குத்தகையாளர். நம்பலாமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: நம்பலாம். ஆனால் முதலில் அந்த 20-ஐ விடுங்கள். மலேசியத் தரநிலை எம்எஸ் 1525 பரிந்துரைப்பது 24 முதல் 26 டிகிரி. 24-க்கு உயர்த்த மென்பொருள் எதுவும் வேண்டாம், விரல் போதும்.

தானியங்கி முறையின் ஆதாயம் சில்லரில்தான் இருக்கிறது. வழக்கமாக 6.7 டிகிரியில் நீரை அனுப்புவார்கள். மழை நாளிலும் ஆள் குறைந்த சனிக்கிழமையிலும் அவ்வளவு குளிர்ந்த நீர் தேவையில்லை. நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றினால் சில்லரின் மின்செலவு சுமார் 2 முதல் 3 சதவீதம் குறையும். குத்தகையாளரிடம் இப்படி எழுதிக் கொடுங்கள்: 10 நிமிடத்துக்கு ஒருமுறை நீரின் வெப்பநிலை 0.1 டிகிரி ஏறட்டும். இரண்டு ஏஎச்யூ (குளிர்நீரால் காற்றைக் குளிரவைத்து அறைகளுக்கு அனுப்பும் பெட்டி) வால்வுகள் 90 சதவீதத்துக்கு மேல் திறந்திருந்தால் 0.3 இறங்கட்டும், எல்லை 6.7 முதல் 9. அறையிலிருந்து திரும்பும் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் ஏற்றம் நிற்கட்டும்.

கடைசி விதியை விட்டுவிட்டால் ஈரப்பதம் கூடி அறை 24-இல் இருந்தும் பிசுபிசுக்கும், சிலிங் ஓரம் பூஞ்சணம் பிடிக்கும். குளிர்நாட்டுக் கட்டடத்துக்கு எழுதிய நிரலை இங்கே அப்படியே ஏற்றினால் நடப்பது இதுதான்.

முறையைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு சென்சார். ஃபோட்டோஸ்டேட் இயந்திரத்துக்கு மேலோ, மேற்கு வெயில் படும் சுவரிலோ மாட்டியிருந்தால், அது எப்போதும் ‘சூடு’ என்றே சொல்லும். அந்த வால்வு மூடவே மூடாது. வால்வு ஒன்று போதும் என்று வைத்திருந்தால், அந்த ஓர் அறைக்காகக் கட்டடம் முழுவதும் 6.7-லேயே கிடக்கும். ‘இரண்டு’ என்று சொன்னது அதற்காகத்தான். நல்ல கைத்தெர்மோமீட்டரால் ஒவ்வொரு சென்சாரையும் ஒப்பிட்டு, 0.5 டிகிரிக்கு மேல் பிசகுவதைச் சரிசெய்த பிறகே முறையை ஓட்டுங்கள்.

இன்னொன்று: உங்கள் பம்ப் வேகம் மாறும் வகையா? நீர் சூடேறச் சூடேற பம்ப் கூடுதலாக ஓடும். சில்லர் மீட்டரை மட்டும் காட்டி ‘மிச்சம்’ என்றால் ஏற்காதீர்கள். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: டியூஷன் வகுப்பில் சுவர் ஏர்கோனை 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிருமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: இன்வெர்ட்டர் (கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) இல்லாத பழைய வகையில் சீக்கிரம் குளிராது. கம்ப்ரசர் ஓடும் அல்லது நிற்கும், நடுவில் ஒன்றுமில்லை. 16-இல் வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவே. 25-இல் வைத்து மின்விசிறியைச் சுழல விடுங்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.