மெக்கானிக்கல் படித்துவிட்டு ஏன் பேங்க்?

தம்பி, வங்கி அதிகாரி வேலைக்கான பி.ஓ. (புரொபேஷனரி ஆபீசர்) தேர்வில் மெயின்ஸ் என்ற முதன்மை எழுத்துத் தேர்வு தேறி இன்டர்வியூ வரை வந்ததற்கு முதலில் வாழ்த்துகள். "பி.இ. மெக்கானிக்கல் முடித்தவர் ஏன் வங்கிக்கு வருகிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?" என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் கேட்டுவிடுவார்கள். நீங்கள் தயாரித்து அனுப்பிய பதிலையும் படித்தேன்: 'சிறு வயதிலிருந்தே வங்கித் துறையில் ஆர்வம், மக்களுக்குச் சேவை செய்ய ஆசை.' தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். அவ்வளவு ஆர்வம் இருந்தால் பி.காம். சேர்ந்திருக்கலாமே என்று கேட்டால் முழிப்பீர்கள். உங்களுக்கு முன்னால் உள்ளே போய் வந்தவர்களும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டு சந்தேகம். இது என்ன வேலை என்று இவருக்குத் தெரியுமா? வேறொன்று கிடைத்தால் கிளம்பிவிடுவாரா?

நிரந்தர வேலை, மாதம் பிறந்தால் சம்பளம் என்பதும் உண்மைதானே, சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லலாம், கடைசியில், ஒரே வரியில். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது ரயில்வேக்கும் பொருந்தும், டி.என்.பி.எஸ்.சி.க்கும் பொருந்தும். வங்கி ஏன் என்பதற்கு அது பதிலாகாது.

நல்ல பதில் உங்கள் கடிதத்தின் கடைசியிலேயே இருக்கிறது. அப்பா கோவையில் லேத் பட்டறை நடத்துகிறார், வங்கியில் சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்கு இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை முன்னால் கொண்டு வாருங்கள். இரும்புக்குக் கையிலிருந்து காசு போகும், சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். வேலை வாங்கிய கம்பெனியோ பணம் தர இரண்டு மூன்று மாதம் இழுக்கும். (சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அது வேறு கதை.) அந்த இடைவெளியில் பட்டறை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது கேஷ் கிரெடிட், அதாவது வேண்டும்போது எடுத்து, பணம் வந்ததும் திருப்பிக் கட்டுகிற கடன் கணக்கு. அப்பா மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுப்பார். இருப்புச் சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் கூட்டி, சரக்கு தந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டியதையும் மார்ஜினையும் (வங்கி கடன் தராமல் நம் பங்காக விடும் பகுதி) கழித்தால் வருவது டிராயிங் பவர். லிமிட், அதாவது வங்கி அனுமதித்த உச்சத் தொகை, அதைவிட அதிகமாக இருந்தாலும் அந்த மாதம் அவ்வளவுதான் எடுக்கலாம். இன்றைக்கே அப்பாவிடம் போன மாத ஸ்டேட்மென்ட்டை வாங்கி, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் படிப்பும் இங்கேதான் உதவும். சி.என்.சி. மிஷின் (கம்ப்யூட்டரில் இயங்கும் கடைசல் இயந்திரம் போன்றது) வாங்க ஒருவர் கொட்டேஷனோடு கடன் கேட்டு வருகிறார் என்று வையுங்கள். ஒரு ஷிப்டில் எத்தனை பீஸ் வரும், விலை நியாயமா, தவணை கட்டுகிற அளவுக்கு ஆர்டர் இருக்கிறதா என்று கேட்கத் தெரிந்த அதிகாரி கிளைக்குத் தேவை. "எங்கள் பட்டறை ஓடுவது வங்கிக் கடனில். கடன் வாங்குபவரின் பக்கம் எனக்குத் தெரியும், மிஷினும் தெரியும். சிறு தொழில் கடன் பிரிவில் இரண்டும் பயன்படும்." இவ்வளவு போதும், ஒரு நிமிடம்கூட ஆகாது. அப்பாவின் கணக்கில் உள்ள தொகைகளை அங்கே கொட்ட வேண்டாம். அப்புறம், நீங்களே கதவைத் திறந்துவிட்டதால் அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும்: முத்ரா கடன் (சிறு தொழில்களுக்கான அரசுக் கடன் திட்டம்), தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன் ஆவது, இதையெல்லாம் பார்த்துக்கொண்டு போங்கள்.

மதிப்பெண்ணைப் பற்றி ரொம்பக் கவலைப்படுகிறீர்கள். பல பொதுத்துறை வங்கிகளுக்கும் சேர்த்து ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். நடத்தும் பி.ஓ. தேர்வில் மெயின்ஸுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்பதுதான் விகிதம். நேர்முகத்தில் குறைந்தது 40 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 35.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. 'வெளி மாநிலத்தில் போட்டால் போவீர்களா?' என்பதும் இதே கேள்வியின் இன்னொரு முகம். அம்மாவின் உடல்நிலையால் கோவையை விட்டு நகர முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். பி.ஓ.வை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் மாற்றுவார்கள். வீட்டில் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். முடியாது என்று முடிவானால் கிளர்க் தேர்வு எழுதுங்கள். அது மாநில வாரியாக நடப்பது, நேர்முகமும் கிடையாது. முடியும் என்றால் மட்டும், குழுவின் முன்னால் தயங்காமல் 'போவேன்' என்று சொல்லுங்கள்.