பாசியும் செய்தித்தாளும்

ஐயா,

திருச்சியில் தாவரவியல் படிக்கிறேன். ஊர்க் குளத்திலிருந்து வேலம்பாசி, வாலிஸ்னேரியா எடுத்துவந்து செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தினேன். மூன்றே நாளில் கறுத்து, தாளோடு ஒட்டி, பூஞ்சை பிடித்துவிட்டது. அதே முறையில் ஆவாரை நன்றாக வந்தது. தண்ணீர்ச் செடியை எப்படித்தான் பாடம் செய்வது?

ம.

அன்புள்ள ம.,

ஆவாரைக்கு மரம் மாதிரி கெட்டியான தண்டு இருக்கிறது, தானே நிற்கும். வேலம்பாசியைத் தாங்குவது தண்ணீர்தான். வெளியே எடுத்ததும் ஈரத்துணி மாதிரி தொய்ந்துவிடும், நீங்கள் விரலால் பிரிக்கப் பார்த்திருப்பீர்கள், இலை கிழிந்திருக்கும். (நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பாசி எது, சினிமா விளம்பரம் எது என்று தெரியாத தாள்கள் இன்னும் பரணில் கிடக்கின்றன.)

அதனால் மறுபடி தண்ணீரிலேயே போடுங்கள். அகலமான தட்டில் இரண்டு விரற்கடைத் தண்ணீர், அடியில் கெட்டியான வெள்ளைத் தாள், அதன்மேல் செடி. இலைகள் தாமாக விரிந்துகொள்ளும். தாளின் ஒரு முனையைப் பிடித்துச் சாய்வாக மெள்ளத் தூக்கினால் தண்ணீர் வழிந்து, செடி விரிந்தபடியே தாளில் படியும். மேலே பழைய வேட்டித் துண்டு ஒன்று (இது இல்லாததால்தான் உங்களுடையது ஒட்டியது), அப்புறம் செய்தித்தாள், அப்புறம் பளு. முதல் நாள் இரண்டு தடவை, பிறகு தினமும் செய்தித்தாளை மாற்றுங்கள், வேட்டித் துண்டை மட்டும் செடி காயும்வரை உரிக்க வேண்டாம்.

வாலிஸ்னேரியாவின் பூதான் சிக்கல். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் பூ கடுகைவிடச் சிறியது, அடியிலேயே கழன்று மேலே மிதந்து வரும்; பெண் பூ நீண்ட காம்பில் நீர்மட்டத்துக்கு வந்து காத்திருக்கும், மகரந்தம் சேர்ந்ததும் காம்பு ஸ்பிரிங் போலச் சுருண்டு பூவைக் கீழே இழுத்துக்கொள்ளும். இதைப் போய் அழுத்தினால் பழுப்புப் புள்ளிதான் மிஞ்சும். பூக்களைத் தனியாகச் சின்னக் குப்பியில், 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, தாளுக்கும் குப்பிக்கும் ஒரே எண் கொடுங்கள். உள்ளே போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கரைந்துவிடும்.

ஆல்கஹாலில் நிறமும் போய்விடும். ஆகவே பூவின் நிறம், நீரின் ஆழம், வேர் சேற்றில் இருந்ததா மிதந்ததா, குளத்தின் பெயர், தேதி எல்லாவற்றையும் கரையிலேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால் எழுத மாட்டீர்கள்.

காய்ந்த செடியைப் பூச்சி அரிக்காமலிருக்க, பழைய கையேடுகளில் மெர்குரிக் குளோரைடு பூசச் சொல்லியிருக்கும். கடும் விஷம், அந்தப் பக்கமே போக வேண்டாம். காய்ந்த தாளைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் பூச்சி செத்துப்போகும்.

சரி, திருச்சியில் இருந்துகொண்டு செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தை (பாடம் செய்த செடிகளைச் சேர்த்துவைக்கும் இடம்) இன்னும் பார்க்கவில்லையா? 1967இல் பாதிரியார் கே. எம். மேத்யூ தொடங்கியது. அனுமதி கேட்டுப் போய், தேர்ந்த கை ஒரு செடியைத் தாளில் எப்படி வைக்கிறது என்று பாருங்கள்.

அடுத்த முறை தனியாகக் குளத்தில் இறங்காதீர்கள். வண்டல் அள்ளிய குழி மேலிருந்து தெரியாது. கயிற்றில் கொக்கி கட்டிக் கரையிலிருந்தே வீசி இழுங்கள், வேலம்பாசி கொத்துக்கொத்தாக வரும்.