ஆயில் மூடியில் வெள்ளைப் பசை: உடனே கேஸ்கெட் போய்விட்டதா?

கேள்வி: 2009 மாடல் ஆல்டோ வைத்திருக்கிறேன். வீடு காலடிப்பேட்டையில். தினமும் தண்டையார்பேட்டையில் உள்ள பள்ளிக்கு மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவேன். ஒரு நடைக்கு மூன்று கிலோமீட்டர்கூட வராது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் டெம்பரேச்சர் முள் முக்காலுக்கு மேல் ஏறுகிறது. வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடுகிறது. மெக்கானிக் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, உள்ளே வெண்ணெய் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருப்பதைக் காட்டினார். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, 22,000 ரூபாய் ஆகும் என்கிறார். செலவு செய்ய வேண்டாம் என்றால் தெரிந்த பார்ட்டி ஒருவர் 35,000க்கு வண்டியை எடுத்துக்கொள்வாராம். போன வருஷம் இதே ஹீட்டுக்காக ஏதோ 'வால்வு' ஒன்றைக் கழற்றி எறிந்துவிட்டார். என்ன செய்யலாம்?

பதில்: இன்ஜினின் மேல் பாகம்தான் ஹெட், அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கிற தகடு கேஸ்கெட். அதற்காக ஹெட்டை இறக்க வேண்டாம். வண்டியை விற்கவும் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் மட்டும் ஒதுக்குங்கள்.

நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இதைக் காது கொடுத்துக் கேட்ட எந்த மெக்கானிக்கும் முதலில் ரேடியேட்டர் ஃபேனைத்தான் பார்த்திருக்க வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது அந்த வேலை ஃபேனுடையது. அது சுற்றவில்லை, அல்லது சுற்ற வேண்டிய நேரத்தில் சுற்றவில்லை. இதற்கு நேர்மாறாக, செங்குன்றம் பக்கம் 70, 80 வேகத்தில் போகும்போது முள் ஏறி, வேகம் குறைத்தால் இறங்கினால்தான் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் என்று சந்தேகப்படலாம். உங்கள் வண்டிக்கு அந்தக் கதை இல்லை.

இப்படிச் சோதியுங்கள். வண்டி ராத்திரி முழுக்க நின்று நன்றாக ஆறியிருக்கும் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீர் கழுத்து வரை இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கிற கொதிநீர் முகத்தில் அடிக்கும். குறைந்திருந்தால் நிரப்பி மூடிவிட்டு, ஏசி போடாமல் இன்ஜினை ஐடிலில் ஓட விடுங்கள். உங்கள் வண்டியில் வால்வு இல்லாததால் சூடேற இருபது, இருபத்தைந்து நிமிஷம் ஆகலாம். முள் பாதியையோ அதற்குச் சற்று மேலேயோ தொடும்போது ஃபேன் சத்தம் கேட்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிஷம் ஓடி நிற்க வேண்டும், பிறகு மறுபடி ஓட வேண்டும். முக்காலுக்குப் போயும் சத்தமே இல்லையென்றால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். கோளாறு கிடைத்துவிட்டது.

இதில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஏசி உள்ள பழைய ஆல்டோக்களில் பொதுவாக இரண்டு ஃபேன் இருக்கும். ஒன்று ரேடியேட்டருக்கு, இன்னொன்று ஏசி கண்டென்சருக்கு. ஏசி போட்டதும் ஏதோ ஒன்று சுற்றுவதைக் காட்டி "ஃபேன் ஓடுது பாருங்க சார்" என்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அதை அல்ல.

ஃபேன் ஓடவில்லை என்றால் போக வேண்டியது ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம், ஹெட் இறக்குகிறவரிடம் அல்ல. ஃபேன் சாக்கெட்டைப் பிடுங்கி, மோட்டாருக்கு நேராக பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுக்கச் சொல்லுங்கள். மோட்டார் ஓடினால் அது நன்றாக இருக்கிறது. ஃபியூஸ், ரிலே, டெம்பரேச்சர் சென்சார், ஒயர் இவற்றில் ஒன்றுதான் சதி செய்கிறது. ஓடாமல் இருந்து, மோட்டார் முதுகில் ஸ்பேனரால் லேசாகத் தட்டியதும் ஓடினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டி என்றால் மோட்டாரைக் கட்டாயம் பாருங்கள். சுற்றுகிற ஃபேன் தண்ணீரில் அடித்தால் இறக்கையும் வளையும், மோட்டாரும் எரியும்.

திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் பக்கத்து வண்டிகளுக்கென்றே ஒரு வியாதி இருக்கிறது. உப்புக் காற்று. சாக்கெட்டைப் பிடுங்கினால் உள்ளே பித்தளைப் பின்களில் பச்சைப் பச்சையாகப் பொடி பூத்திருக்கும். பாடியோடு சேர்கிற எர்த் போல்ட் துருவில் மூழ்கியிருக்கும். மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டும், ஆனால் ஃபேன் இழுக்கிற கரண்ட்டை அந்தத் துரு விடாது. பின்னை நுண்ணிய எமரித் தாளால் சுரண்டி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, எர்த் போல்ட்டைக் கழற்றி உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து முறுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும். இந்தப் பகுதியில் ஃபேன் கோளாறு என்று வருகிறவற்றில் நிறைய இதோடு முடிந்துவிடும். சாமான் விற்க வழியில்லாத வேலை என்பதால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது அந்த வால்வு. அதன் பெயர் தெர்மோஸ்டாட். உள்ளே மெழுகு அடைத்த சின்னக் குப்பி. 80 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும், அதுவரை மூடி வைத்து இன்ஜினைச் சீக்கிரம் சூடேற்றும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையே இல்ல சார், கம்பெனிக்காரன் குளிர் நாட்டுக்கு வெச்சது" என்று சொல்லிக் கழற்றுவது சென்னை முழுக்க நடக்கிற அக்கிரமம். 82 டிகிரி என்று முத்திரை குத்திய வால்வுக்கும் 38 டிகிரி வெயிலுக்கும் என்ன சம்பந்தம்? வால்வைக் கழற்றினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். வண்டி இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் விழும். நின்றால் ஹீட் ஆகிற நோய்க்கு இது மருந்தும் இல்லை. கழற்றிய பிறகும் உங்களுக்கு முள் ஏறுகிறதே!

அதோடு விட்டதா? அந்த வெள்ளைப் பசைக்கு இதுவும் ஒரு காரணம். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் 22,000 ரூபாயும் இதில்தான் தொங்குகிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாக வெளியே போகும். மார்கழிக் காலையில் சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டுவது அதுதான். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இன்ஜினுக்குள் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி ஓடினால் அந்த ஈரமும் ஆவியாகி வெளியேறிவிடும். உங்கள் வண்டி ஓடுவது மூன்று கிலோமீட்டர். சூடேறுவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடுகிறது. வால்வு வேறு இல்லை. லாரி வரிசையில் மாட்டாத நாட்களில் உங்கள் இன்ஜின் அரைகுறைச் சூட்டிலேயே ஓடி அரைகுறைச் சூட்டிலேயே நிற்கிறது. ஈரம் போக வழியில்லாமல் இன்ஜினின் உச்சியில், குளிர்ந்த இடத்தில், அதாவது ஆயில் மூடியின் அடியில் படிந்து ஆயிலோடு கலந்து வெள்ளையாகிறது. தயிர் கடைந்தால் வெண்ணெய் திரள்கிற மாதிரிதான். மழைக்காலத்திலும் மார்கழி, தை மாதங்களிலும் இது அதிகம்.

ஆக, மூடியில் வெள்ளை என்றாலே கேஸ்கெட் என்பது, குறுகிய தூரம் ஓடும் வண்டிக்குச் செல்லாது. பார்க்க வேண்டியது டிப் ஸ்டிக். அது கீழே சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடித்தொட்டியில், இருக்கிற ஆயிலைக் காட்டும். டிப் ஸ்டிக்கில் ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருந்தால் பயமில்லை. பால் விட்ட டீ நிறத்தில் இருந்து, ஆயில் அளவும் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. இன்னும் சந்தேகமா, பழைய எவர்சில்வர் கரண்டியை அடுப்பில் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, டிப் ஸ்டிக் நுனியிலிருந்து ஒரு சொட்டு ஆயிலை அதில் விடுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று வெடிக்கும். சுத்தமான ஆயில் புகையும், அவ்வளவுதான். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேன் சரியாகி, புது தெர்மோஸ்டாட்டும் போட்ட பிறகு மூடியின் அடியைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மீஞ்சூர், பொன்னேரி என்று போய்வர 40 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஒரே ஓட்டமாக ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்து திறந்தால் வெள்ளை இருக்காது. ஒரு வாரம் பழையபடி பள்ளிக்கு ஓட்டினால் லேசாக மறுபடி வரலாம், அதற்காகப் பதற வேண்டாம். இப்படி ஓடும் வண்டிக்கு கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றிவிடுங்கள்.

நிஜமாகவே கேஸ்கெட் போன வண்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒழுகல் எங்கும் இல்லாமலே கூலன்ட் குறைந்துகொண்டே வரும். சூடான பிறகும் சைலன்சரில் வெண்புகை நிற்காது. ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிஷத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும். ரேடியேட்டரில் குமிழி தொடர்ந்து வரும். அப்போதும் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்காமல் ஹெட்டில் ஸ்பேனர் வைக்க விடாதீர்கள். உங்கள் வண்டிக்கு மூன்று சிலிண்டர். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சேர்ந்து இறங்கியிருந்தால் கேஸ்கெட் சந்தேகம் நியாயமானது. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கிற நீல மருந்து ஒன்றும் உண்டு. எரிந்த வாயு கலந்திருந்தால் மஞ்சளாக மாறிவிடும். ஆனால் எத்தனை ஷெட்டில் இது இருக்கிறது? மூடியைத் திறந்து காட்டினால் கூட்டமே நம்புகிறபோது கேஜ் வாங்க யாருக்கு என்ன அவசியம்.

தெர்மோஸ்டாட்டைப் புதிதாக மட்டும் வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கினால், தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே திறக்க வேண்டும். போலியை இதில் பிடித்துவிடலாம். ரேடியேட்டர் மூடியையும் கையோடு மாற்றுங்கள், பழைய மூடியின் தலையில் 0.9 என்றோ 1.1 என்றோ எழுதியிருப்பதையே கேளுங்கள். அந்த 0.9 அழுத்தம் இருந்தால்தான் உள்ளே தண்ணீர் 100க்குப் பதிலாக 118 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். வண்டி ஆறியதும் மேல் ஹோஸ் சப்பையாக உறிஞ்சிக்கொண்டிருந்தால் மூடியின் உள் வால்வு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய ஃபேன் மோட்டார் வாங்குவதானால் கடையிலேயே பேட்டரி வைத்து ஐந்து நிமிஷம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மூடி, தெர்மோஸ்டாட், சென்சார் மூன்றையும் பழையதாக வாங்கவே கூடாது.

தண்ணீர் விஷயம். மீஞ்சூர் தொடங்கி நம் பக்கத்து நிலத்தடியில் கடல்நீர் ஏறிக் கிடக்கிறது. அந்த போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அலுமினிய ஹெட்டை உப்பு அரித்துவிடும், பொய்யாகச் சொன்ன கேஸ்கெட் கோளாறு இரண்டு வருஷத்தில் நிஜமாகிவிடும். நடுரோட்டில் ஆபத்துக்கு ஊற்றினால் பாவமில்லை, அந்த வாரத்திலேயே வடித்துக் கழுவிவிடுங்கள். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான் சரி. கேனில் 'கலக்கத் தேவையில்லை' என்று போட்டிருந்தால் அப்படியே ஊற்ற வேண்டும். அதிலும் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து இரண்டு வண்டிக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். ஊற்றும்போது ஹீட்டர் குமிழைச் சூடான பக்கம் திருப்பி, மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஐடிலில் ஓட்டி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் உள்ளே மாட்டிய காற்று குமிழியாக வெளியேறும். மிச்சக் கூலன்ட்டை நாய், பூனை, குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். இனிப்பாக இருக்கும், கொடிய விஷம்.

அந்த 35,000 பார்ட்டிக்கு வருகிறேன். வண்டியில் பெரிய கோளாறு என்று சொல்கிறவரே வாங்கவும் ஆள் கொண்டுவருகிறார் என்றால், இரண்டு பக்கமும் கமிஷன் பேசி முடித்துவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கண்டம் என்று தள்ளிய வண்டி, ஒரு ரிலேயையும் மூடியையும் மாற்றிக்கொண்டு அடுத்த மாதம் வேறொருவர் கைக்கு நல்ல விலையில் போகும். எழுத்தில் எஸ்டிமேட் கேளுங்கள். எந்தச் சோதனையை வைத்துக் கேஸ்கெட் என்று முடிவு செய்தீர்கள், அதையும் அதிலேயே எழுதுங்கள் என்று சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் அத்தோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். இவர்களைக் கேட்க ஊரில் ஆள் இல்லை. 15 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்சி புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கத் தெரிந்த அரசுக்கு, ஒரு ஷெட்டில் ரேட் போர்டு மாட்ட வைக்கத் தெரியவில்லை. லாரி வரிசை எப்போது தீரும் என்பதை துறைமுகத்துக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஃபேன் சரியாகும்வரை அந்த வரிசையில் மறுபடி மாட்டினால்: ஏசியை அணையுங்கள், ஜன்னல்களை இறக்குங்கள், ஹீட்டரைச் சூடான பக்கம் முழுசாகத் திருப்பி புளோயரை அதிகபட்சத்தில் வையுங்கள். வெயிலில் வேகும்தான். ஆனால் ஹீட்டருக்குள்ளும் குட்டி ரேடியேட்டர் ஒன்று இருக்கிறது, அது இன்ஜின் சூட்டை இழுத்து உள்ளே தள்ளும், முள் கொஞ்சம் இறங்கும். முன்பு எப்போதோ ஹீட்டர் ஒழுகுகிறது என்று ஹோஸை வளைத்து பைபாஸ் செய்திருந்தால் இது பலிக்காது. அப்படியானால், அல்லது முள் சிவப்பைத் தொடப் போனால், ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு குறைந்தது நாற்பது நிமிஷம் பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். மகளை ஆட்டோவில் அனுப்பிவிடுங்கள்.