வேர்ட்பிரஸ் தீம் அப்டேட் ஆனதும் செய்த மாற்றங்கள் ஏன் காணாமல் போகின்றன?

ஹப்புத்தளைத் தங்குமிடத்தின் தளத்தில் நீங்கள் வைத்த தேயிலைப் பச்சைத் தலைப்பு, அப்டேட்டுக்குப் பிறகு மறைந்துவிட்டது என்கிறீர்கள். பண்டாரவளையில் ஒரு கடைக்குத் தளம் செய்தபோது நானும் இதே அடி வாங்கினேன். தீம் என்பது தளத்தின் தோற்றத்தைத் தரும் ஃபைல்களின் தொகுப்பு. அப்டேட்டின்போது பழைய தீம் ஃபோல்டர் அழிந்து புதியது வரும். அதற்குள் நீங்கள் எழுதியதும் சேர்ந்தே போய்விடும்.

நிறம் மட்டும்தான் என்றால் வேர்ட்பிரஸிலேயே உள்ள 'கூடுதல் சிஎஸ்எஸ்' பெட்டி (நிறம், எழுத்து போன்ற தோற்றக் கட்டளைகளை எழுதும் இடம்) போதும். அது டேட்டாபேஸில் இருப்பதால் தப்பிக்கும். ஹெடர் ஃபைலையே (பக்கத்தின் மேற்பகுதிக்கான ஃபைல்) திருத்துவதென்றால் சைல்ட் தீம்தான் சரி. அதாவது, மூலத் தீமைச் சார்ந்து இயங்கி, உங்கள் மாற்றங்களை மட்டும் தனியே வைத்திருக்கும் தீம். தனி ஃபோல்டர், அதில் ஒரு ஸ்டைல் ஃபைல். அதன் மேலே 'டெம்ப்ளேட்' வரியில் மூலத் தீமின் ஃபோல்டர் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். பலர் அங்கே தீமின் பெயரை எழுதிவிட்டுத்தான் திண்டாடுகிறார்கள்.

அப்புறம், தொலைந்தவை ஹோஸ்டிங் பேக்கப்பில் இன்னும் இருக்கலாம். பழைய பிரதி அழியுமுன் இன்றே பாருங்கள்.